மீன் கிடங்கு மூடியைச் சுற்றித் தண்ணீர் இறங்குகிறது, வழி பிடிபடவில்லை

அக்கரைப்பேட்டைக்காரன்:
வணக்கம். எங்களுடையது நாகப்பட்டினம் விசைப்படகு, பிளைவுட் தளத்தின் மேல் ஃபைபர் அடித்தது. நடுக் கிடங்கின் மூடியைச் சுற்றிப் போன வருடத்திலிருந்து தண்ணீர் இறங்குகிறது. அலை ஏறி ஓடும்போதும் வருகிறது, பம்ப் வைத்துத் தளத்தைக் கழுவினாலும் வருகிறது. ஐஸ் சீக்கிரம் கரைந்து, அடியில் கிடக்கிற மீனுக்கு விலை போய்விடுகிறது. மூடி ரப்பரை மாற்றியாயிற்று. மூடி உட்காருகிற சட்டத்தின் அடியைச் சுற்றி சிலிகான் பசை இழுத்தோம், இரண்டு மாதம் நின்றது, மறுபடி பழைய கதைதான். சொட்டுவது பின்பக்க இடது மூலையில், ஆனால் அந்த மூலையில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஜூன் 14 வரை தடைக்காலம், படகு கரையில்தான் நிற்கிறது. பட்டறையில் மேலே இன்னும் இரண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு ரெசின் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அடிக்கலாமா?

உப்புக்காற்று:
சொட்டுகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா? கரித்தால் கடல் தண்ணீர். கரிக்காவிட்டால் ஐஸ் குளிர்ச்சிக்கு மூடியின் உள்பக்கம் வேர்க்கிறது, அதற்கு நீங்கள் எவ்வளவு பூசினாலும் நிற்காது. சிரிக்காதீர்கள், ஒரு சீசன் முழுக்க வேர்வைக்கு ரிப்பேர் பார்த்தவன் நான்.

ரெசின் கை:
இருபது வருடமாக ஃபைபர் வேலைதான் பார்க்கிறேன். தம்பி, மேட் போடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். தண்ணீர் சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. ஃபைபருக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் இறங்கி, தளத்தின் சரிவுக்கு ஓடி, எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். என் சந்தேகம் முழுக்க கீல் போல்ட் மேலும் கொக்கி போல்ட் மேலும்தான், மூடியைத் திறந்து போடுகிற ஒவ்வொரு தடவையும் இழுபடுவது அவைதானே.

முதலில் மூடி ரப்பரைச் சோதித்துத் தள்ளிவிடுங்கள். சட்டத்தின் மேல் விளிம்பில் சாக்பீஸ் தடவி, மூடியை இறுக்கி மூடித் திறந்தால் ரப்பரில் கோடு விழும். கோடு அறுபட்ட இடத்தில் ரப்பர் உட்காரவில்லை என்று அர்த்தம். கோடு முழுசாக விழுந்தால் ஒருவரை டார்ச்சோடு உள்ளே இறக்கிவிட்டு வெளியிலிருந்து ஹோஸ் பிடியுங்கள். கீழேயிருந்து மேலே போக வேண்டும்: சட்டத்தின் அடி, பிறகு போல்ட், கடைசியில்தான் மூடி. எடுத்தவுடன் மேலேயிருந்து ஊற்றினால் எல்லாம் நனையும், ஒன்றும் தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது பிடியுங்கள். போல்டைச் சுற்றிக் களிமண்ணில் சின்ன வரப்பு கட்டி, சொட்டு நீலம் கலந்த தண்ணீரைத் தேக்கி வைத்தால் இன்னும் நல்லது. உள்ளே நீலமாக வந்தால் அதுதான் வழி.

அந்த சிலிகானை முழுக்கச் சுரண்டி எடுங்கள். அதன் பிசுக்கு இருக்கிற வரை மேலே எதுவும் ஒட்டாது, ரெசினும் சரி, பெயின்ட்டும் சரி.

பழைய டிரைவர்:
நான் அந்த இரண்டு மேட் வேலையைச் செய்தவன், அதனால் சொல்கிறேன். ஆறு மாதம் சொட்டே இல்லை. வழியை மேலே அடைத்துவிட்டோம், உள்ளே ஊறி நின்ற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பிளைவுட்டைத் தின்றது. கடைசியில் கால் வைத்தால் தளம் அமுங்குகிறது, வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட்டோம். சுத்தியல் பிடியால் மூடியைச் சுற்றித் தட்டிப் பாருங்கள், டக் டக் என்று கேட்டால் நல்ல பலகை, மொத்தென்று கேட்டால் ஊறியது. அந்தக் காலத்து மரப்படகில் இந்தத் தொல்லை இல்லை, பலகை இடைவெளியில் கலப்பத்து அடித்தால், அதாவது பஞ்சுத் திரியைத் திணித்து அடைத்தால் முடிந்தது. என்ன, அதை வருடா வருடம் அடிக்க வேண்டும்!

அக்கரைப்பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. தண்ணீர் கரித்தது. சாக்பீஸ் கோடு சுற்றிலும் ஒழுங்காக விழுந்தது. சொட்டு நீலம்தான் காட்டிக்கொடுத்தது, முன்பக்க வலது கீலில் ஊற்றியது கால் மணி நேரம் கழித்து பின்பக்க இடது மூலையில் இறங்கியது, நம்பவே முடியவில்லை. போல்டைக் கழற்றினால் ஓட்டைக்குள் பிளைவுட் கறுத்து, விரலால் கிள்ளினால் வருகிறது. தட்டினால் ஒரு சாண் சுற்றளவுக்கு மொத்தென்கிறது. இனி எப்படிப் போவது?

ரெசின் கை:
ஒரு சாண்தானே, தப்பித்தீர்கள். மேல் ஃபைபரை அந்த அளவுக்கு வெட்டி, ஊறிய பலகையை எடுத்துவிட்டு வெயிலில் காயவிடுங்கள், இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அவசரப்பட்டு ஈரப் பலகையில் ரெசின் அடித்தால் ஒட்டாது. புதுத் துண்டு வைத்து எபாக்சி ரெசினில் மூடுங்கள், அதன் மேல் சாதாரண பாலியெஸ்டர் ரெசினோ ஜெல்கோட்டோ (ஃபைபரின் மேல் பளபளப்புப் பூச்சு) வேண்டாம், சரியாகப் பிடிக்காது, பெயின்ட் அடித்தால் போதும். 10 மி.மீ. போல்ட் என்றால் ஓட்டையை 16க்குப் பெரிதாக்கி, அடியில் டேப் ஒட்டி, கெட்டியாகக் கலந்த எபாக்சியை நிரப்பி, இறுகியதும் நடுவில் மறுபடி 10 மி.மீ. ஓட்டை போடுங்கள். இனி போல்ட் பக்கம் கசிந்தாலும் பலகைக்குத் தண்ணீர் போகாது. நல்லாயிருக்கிற மற்ற போல்ட்டுகளுக்கும் இதையே செய்துவிடுங்கள்.

கீலை மாட்டும்போது சிகாஃப்ளெக்ஸ் 291 மாதிரி பாலியூரித்தேன் பசை பூசி லேசாக மட்டும் இறுக்குங்கள். ஒரேயடியாக முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். பசை இறுகிய பிறகு நட்டை மட்டும் இன்னொரு சுற்று, போல்ட் தலையைத் திருப்பாதீர்கள்.

உப்புக்காற்று:
போல்ட் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 ரகம் வாங்குங்கள். 304ஐ நீட்டுவார்கள், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், தலையில் இருக்கிற முத்திரையைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.