விஸ்கான்சினில் வசிப்பவர்கள் உதவ வேண்டும்: ‘பேட்ஜர்’ பட்டப்பெயர் பற்றி

வணக்கம். சிறுவர் இதழ் ஒன்றுக்காக அமெரிக்க மாநிலங்களின் பட்டப்பெயர்கள் குறித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். விஸ்கான்சின் ‘பேட்ஜர் மாநிலம்’ ஆனதற்கு வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு நேரடிக் காரணமன்று. 1820, 30களில் ஈயம் தோண்ட வந்த தொழிலாளர்கள், குளிர்காலத்தில் வீடு கட்ட வழியின்றி மலைச்சரிவைக் குடைந்து உள்ளேயே தங்கினார்கள். அவர்களைத்தான் பேட்ஜர்கள் என்றார்கள். உழைத்தவர்களின் பெயர் ஒரு மாநிலத்துக்கே நிலைத்துவிட்டது, எவ்வளவு அருமை! 1957இல் பேட்ஜர் விலங்கு மாநில விலங்காகவும் ஆனது.

மேடிசன், மில்வாக்கி பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: ‘பேட்ஜர்ஸ்’ எனப்படும் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்கு வெளியே, சாதாரண மக்கள் தங்களைப் பேட்ஜர் என்று சொல்லிக்கொள்வதுண்டா? வெளியூர்க்காரர் அப்படி அழைத்தால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களா? அந்த ஈயச் சுரங்கப் பகுதியிலுள்ள மினரல் பாயின்ட் ஊரில் நீங்கள் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் அனுப்புங்கள்.