முன்னிறுக்கிய போல்ட்டில் வெளிச்சுமையை அப்படியே கூட்டலாமா?

நெம்புகோல்:
மெஷின் டிசைன் தாளில் வரும் கணக்கு இது. தலா 20 மி.மீ. தடிமனுள்ள இரண்டு ஸ்டீல் தகடுகள், நடுவில் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மென்மையான அடைப்புத் தாள்) கிடையாது. எம்12, 8.8 கிரேடு, 60 மி.மீ. நீள போல்ட். ப்ரூஃப் லோடில் (போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் சுமை) 75% அளவுக்கு இறுக்கியிருக்கிறது. ஒரு போல்ட்டுக்கு 0 முதல் 12 கிலோநியூட்டன் வரை ஏறி இறங்கும் இழுவிசை வருகிறது. போல்ட்டில் வரும் அதிகபட்ச சுமை எவ்வளவு? சிலர் இறுக்க விசையோடு 12-ஐ முழுதாகக் கூட்டுகிறார்கள், சிலர் ஒரு பங்கை மட்டும். இரண்டு விடைக்கும் நிறைய வித்தியாசம் வருகிறது. எது சரி?

கடைசல்:
முழுதாகக் கூட்டுங்கள். டென்சைல் ஸ்ட்ரெஸ் ஏரியா, அதாவது மரைப்பகுதியில் இழுவிசையைத் தாங்கும் பரப்பு, 84.3 ச.மி.மீ., ப்ரூஃப் ஸ்ட்ரெங்த் 580 மெகாபாஸ்கல். ப்ரூஃப் லோட் 48.9 கிலோநியூட்டன், அதில் 75% என்றால் 36.7. அதோடு 12 சேர்ந்தால் 48.7. விளிம்பில் நிற்கிறது, ஆகவே எம்12 போதாது, எம்16 போட வேண்டும். இருப்பதிலேயே மோசமான நிலைக்கு டிசைன் செய்துவிட்டால் பிறகு கவலையில்லை. ஒரு பங்கு மட்டும்தான் ஏறும் என்பது தகடு எவ்வளவு ஸ்டிஃப் என்ற ஊகத்தை நம்பி நிற்கிற கணக்கு.

மரையாணி:
கடைசல், அது மோசமான நிலை இல்லை, நடக்காத நிலை. இறுக்கி முடித்த கணத்தில் இரண்டு பக்கமும் என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள்.

60 மி.மீ. போல்ட்டில் மரை 30 மி.மீ. ஆக, 40 மி.மீ. பிடிப்பு நீளத்துக்குள் 30 மி.மீ. மொழுக்கைத் தண்டு, 10 மி.மீ. மரைப்பகுதி. தண்டின் பரப்பு 113 ச.மி.மீ. இரண்டையும் தொடர் ஸ்பிரிங்குகளாக எடுத்தால் போல்ட் ஸ்டிஃப்னஸ் (ஒரு மி.மீ. நீட்டத் தேவையான விசை) மி.மீ.-க்கு 539 கிலோநியூட்டன். 40 மி.மீ. முழுக்க மரைப்பரப்பையே போட்டால் 436 வரும். வழக்கமாக நடக்கிற தவறு இதுதான், அதில் போல்ட்டின் பங்கு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். தகடுகளுக்கு, அமுக்கம் போல்ட் தலையிலிருந்து 30 பாகை கூம்பாக விரிகிறது என்று எடுக்கும் முறையில், 2,235 வருகிறது.

36.7 கிலோநியூட்டனில் போல்ட் 0.068 மி.மீ. நீண்டிருக்கிறது, தகடுகள் 0.0164 மி.மீ. அமுங்கியிருக்கின்றன. இப்போது 12 கிலோநியூட்டன் இழுக்கட்டும். போல்ட் எவ்வளவு கூடுதலாக நீள்கிறதோ அதே அளவுதான் தகடு விரிய முடியும், இரண்டும் ஒட்டியிருக்கும்வரை வேறு வழியில்லை. அந்த அளவு 0.0043 மி.மீ. அதற்குப் போல்ட்டில் 2.3 கிலோநியூட்டன் ஏறுகிறது, மீதி 9.7 தகடுகளின் அமுக்கத்தில் கழிகிறது. போல்ட்டின் பங்கு, அதாவது சி, 0.194. போல்ட்டில் மொத்தம் 39.0. தகடுகளுக்கிடையே இன்னும் 27.0 கிலோநியூட்டன் அமுக்கம் மிச்சம் இருக்கிறது.

12 முழுதும் போல்ட்டில் ஏற வேண்டுமானால் தகட்டின் அமுக்கம் துளியும் குறையக்கூடாது. போல்ட் நீண்ட பிறகும் தகடு அப்படியே அமுங்கிக் கிடக்குமா?

கடைசல்:
கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த 2,235-இல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. கூம்பு 30 பாகை என்று யார் அளந்தார்கள்? தகடு போல்ட்டைச் சுற்றி அகலம் குறைவாக இருந்தால் கூம்பு முழுதாக விரியவே விரியாது. பல பாடநூல்களில் வரும் அட்டவணையில் உலோகத்தோடு உலோகம் சேரும் மூட்டுக்குப் பங்கு 0 முதல் 0.1 வரை என்று இருக்கிறது, உங்களுக்கு 0.194. எதை நம்புவது?

கேஸ்கெட் போட்டால் கதையே மாறிவிடும். 1.5 மி.மீ. ஃபைபர் ஷீட், எலாஸ்டிக் மாடுலஸ் 480 மெகாபாஸ்கல், போல்ட்டைச் சுற்றி 30 மி.மீ. விட்டம், நடுவில் 13 மி.மீ. துளை. அதன் ஸ்டிஃப்னஸ் வெறும் 184. தகடுகளோடு தொடராகச் சேர்த்தால் 170. பங்கு 0.76 ஆகிவிடுகிறது. அதே அட்டவணை மென்மையான பேக்கிங்குக்கு 0.75 முதல் 1 வரை சொல்கிறது. அங்கே முழுதாகக் கூட்டியவர்தான் உண்மைக்கு அருகில் நிற்கிறார்.

மரையாணி:
கேஸ்கெட் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், இன்னும் ஒரு படி மேலேயும் போகலாம். 0.76 என்றால் அலையும் ஸ்ட்ரெஸ், வீச்சில் பாதி, 54 மெகாபாஸ்கல். மரை உருட்டிப் பிறகு ஹீட் ட்ரீட் செய்த எம்12-க்கு வி.டி.ஐ. 2230 (போல்ட் மூட்டுகளுக்கான ஜெர்மன் வழிகாட்டி) தரும் ஃபெட்டீக் எல்லை, அதாவது திரும்பத் திரும்ப வந்தாலும் முறியாமல் தாங்கும் அலையும் ஸ்ட்ரெஸ், சுமார் 49. அந்த மூட்டு ஃபெட்டீக்கில் தோற்கும். எனவே கசிவைத் தடுக்க வேண்டியிருந்தால் காடி வெட்டி ஓ-ரிங் வையுங்கள். உலோகம் உலோகத்தைத் தொட்டபடியே இருக்கும், சி ஏறாது.

அட்டவணையின் 0 முதல் 0.1 தோராயம். போல்ட் குட்டையாக ஆக அதைவிட மேலே போகும். அதனால்தான் கணக்குப் போடச் சொல்கிறேன். கூம்பில் 20% பிழை வந்தாலும் சி 0.17-க்கும் 0.23-க்கும் நடுவில்தான் ஆடும், 1 ஆகாது.

ஆனால் நெம்புகோல் கேட்டது கேஸ்கெட் இல்லாத கணக்கு. அதில் முழுதாகக் கூட்டுவது பாதுகாப்பான பக்கம் என்பதைத்தான் மறுக்கிறேன். 48.7 என்று பார்த்ததும் எம்16-க்குப் போகிறவர்கள் சிலர். துளை, பிட்ச், விளிம்பு எல்லாம் ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது என்று இறுக்கத்தை 15 கிலோநியூட்டனுக்குக் குறைக்கிறவர்கள்தான் அதிகம். 15 + 12 = 27, ஆஹா பாதுகாப்பு என்று விடைத்தாளில் வருகிறது. அங்கேதான் மூட்டு செத்துப்போகிறது.

விசைமானி:
மரையாணி சொன்னதற்கு எண் வைக்கிறேன். டார்க் ரெஞ்சில் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்கினால் முன்னிறுக்கத்தில் ±30% சிதறல் சாதாரணம். 15 கேட்டால் 10.5-ம் கிடைக்கும். பிறகு மரை, நட் முகம், தகட்டு முகங்கள் எல்லாவற்றிலும் உள்ள மேடுபள்ளம் நசுங்கும். அது மொத்தம் 10 மைக்ரான் என்று வைத்தால், இந்தப் போல்ட்–தகடு ஜோடியில் 4.3 கிலோநியூட்டன் இறங்கிவிடுகிறது. மிச்சம் 6.2. தகடு பிரியும் சுமை 6.2 ÷ (1 − சி) = 6.2 ÷ 0.806, அதாவது 7.7. வருவது 12.

ஒவ்வொரு சுழற்சியிலும் தகடு திறந்து மூடும். திறந்த பிறகு 12 முழுதும் போல்ட்டின்மேல்தான். இறுக்கம் அறவே போய்விட்டால் அலையும் ஸ்ட்ரெஸ் 6,000 ÷ 84.3 = 71 மெகாபாஸ்கல், எல்லையோ 49. நட் தாங்கும் முகத்தை ஒட்டிய முதல் மரையில் விரிசல் தொடங்கும். முழு இறுக்கத்தில் அதே இடத்தில் வெறும் 13.8-தான் இருந்தது.

இதே சோதனையை 36.7-க்கும் வையுங்கள். 30% போனால் 25.7, நசுங்கல் போக 21.4, பிரியும் சுமை 26.5. இரு மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

கடைசல்:
இறுக்கத்தைக் குறைப்பது தப்பு என்பதில் எனக்கும் மறுப்பில்லை, நான் எம்16 என்றுதான் சொன்னேன். ஆனால் சிதறல் கீழே மட்டும் போகாதே விசைமானி. மேல் பக்கம் 30% போனால் 47.7, அதோடு உங்கள் 2.3 சேர்ந்தால் 50.0. ப்ரூஃப் லோடைத் தாண்டிவிட்டது. நான் முழுதாகக் கூட்டி வைத்திருந்த இடைவெளி இதற்குத்தான் உதவுகிறது.

விசைமானி:
நியாயமான கேள்வி. இந்த இழையில் யாரும் இதுவரை தொடாத இடமும் அதுதான். மேல் பக்கச் சிதறல் வருவது வெளிச்சுமையால் அல்ல, உராய்வால். டார்க் = டார்க் கெழு (உராய்வைப் பொறுத்து மாறுவது) × விட்டம் × விசை. 0.2 போட்டால் 36.7-க்கு 88 நியூட்டன் மீட்டர். அதே 88-ஐ எண்ணெய் பூசிய மரையில் கொடுத்தால் கெழு 0.15-க்கு இறங்கும், விசை 48.9 ஆகும். வெளிச்சுமை வருவதற்கு முன்பே, இறுக்கும்போதே ப்ரூஃப் லோட்! இதை 12-ஐக் கூட்டி மறைமுகமாகச் சரிசெய்யக்கூடாது. உராய்வுக்கென்று தனி இடைவெளி வையுங்கள், அல்லது கோணம் வைத்து இறுக்குங்கள். எம்16-க்குப் போனாலும் 75% இறுக்கத்துக்கு 219 நியூட்டன் மீட்டர் வேண்டும், சிதறல் அங்கேயும் கூடவே வரும்.

நெம்புகோல்:
நசுங்கல் இழப்பைக் குறைக்க நீளமான போல்ட் போட்டு 20 மி.மீ. ஸ்லீவ் நுழைத்தால்? சி-யும் குறையுமா?

மரையாணி:
24 மி.மீ. வெளிவிட்டம், 13 மி.மீ. உள்விட்டம் என்று வைத்தால் 80 மி.மீ. போல்ட்டின் ஸ்டிஃப்னஸ் 369. ஸ்லீவ் தகடுகளோடு தொடராகச் சேர்வதால் அந்தப் பக்கமும் 1,330 அளவுக்கு இறங்குகிறது. சி 0.22, குறையவில்லை, சற்றுக் கூடவே செய்கிறது. ஆனால் 10 மைக்ரான் நசுங்கலுக்கு இழப்பு 4.3-இலிருந்து 2.9 ஆகிறது. எனவே ஸ்லீவ் இறுக்கத்தைக் காக்கும். சி குறைய வேண்டுமானால் தண்டை மட்டும் மெலிதாகக் கடைய வேண்டும்.

கடைசல்:
சரி, கேஸ்கெட் இல்லாத, சுமை போல்ட்டின் அச்சிலேயே வருகிற கணக்குக்கு 39.0 என்று எழுதுவதை ஏற்கிறேன். சுமை விலகி வந்து விளிம்பை நெம்பினால் இந்த சி செல்லாது. போல்ட்டில் வளைவும் சேரும். அப்படிப் படம் வந்த கேள்விக்கு 0.194 போட்டுத் தப்பிக்க முடியாது.

விசைமானி:
அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நெம்புகோல், விடையில் 39.0-ஐ ப்ரூஃப் லோடோடு ஒப்பிடுவதற்கு முன் பிரியும் சுமை 45.5 என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், சி பயன்படுத்தும் தகுதியே அதிலிருந்துதான் வருகிறது. டார்க் 88 என்று எழுதும் அதே வரியில் மரை உலர்ந்ததா, எண்ணெய் பூசியதா என்பதும் இருக்க வேண்டும்.