வயோலா டேவிஸ்: ஒரே வேடம், இரண்டு விருதுப் பிரிவுகள்

கேள்வி:
ஆஸ்கர் (திரைப்படம்), எம்மி (தொலைக்காட்சி), டோனி (மேடை நாடகம்) ஆகிய மூன்று விருதுகளையும் நடிப்புக்காகவே வென்றவர் அமெரிக்க நடிகை வயோலா டேவிஸ். ‘ஃபென்சஸ்’ நாடகத்தில் ரோஸ் வேடத்துக்காக 2010இல் முதன்மை நடிகைக்கான டோனி பெற்றவருக்கு, அதே வேடத்தைத் திரையில் ஏற்றபோது 2017இல் துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது எப்படி? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
இரு விருதுகளின் நடைமுறையும் வேறு. டோனியில் யார் எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்பதை நிர்வாகக் குழு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஆஸ்கரிலோ வாக்களிக்கும் உறுப்பினர்களே பிரிவைத் தீர்மானிக்கலாம் என்றாலும், தயாரிப்பு நிறுவனம் எந்தப் பிரிவுக்காகப் பரப்புரை செய்கிறதோ அதையே பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். என் கருத்தில் ரோஸ் துணை வேடமே அல்ல.

பதில் 2:
முழுவதும் உடன்படுகிறேன். கொல்லைப்புறத்தில் கணவனின் துரோகத்தை அறிந்ததும், பதினெட்டு ஆண்டுகள் தானும் அவனுடன் அதே இடத்தில் நின்றதைச் சொல்லி, வழியும் கண்ணீரையும் மூக்கையும் துடைக்காமல் அவர் வெடிக்கும் காட்சியைப் பாருங்கள்; அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை அந்த முகத்தில் துளியும் இல்லை.

பதில் 3:
2015இல் நாடகத் தொடருக்கான முதன்மை நடிகை எம்மியை வென்ற முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே வாசித்த ஒலிநூலுக்காக 2023இல் இசை, ஒலிப்பதிவுகளுக்கான கிராமி விருதும் பெற்றார். ஆயினும் முதன்மை நடிகைக்கான ஆஸ்கர் அவருக்கு இன்னும் தரப்படவில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.