ஆன்டிவைரஸ் போய்ட்டுது, அதன் போல்டர் போகுதில்லை: கையால அழிக்கிறதா, விடுறதா?

புறக்கோட்டை_பில்
கடையில பில் போடுற மெஷின், விண்டோஸ் 11. காசு கட்டிப் பாவிச்ச ஆன்டிவைரஸ் ஒன்றின் லைசென்ஸ் முடிஞ்சதால செட்டிங்ஸுக்குள்ள போய் அகற்றியாச்சு. (பேர் வேண்டாம், இங்க அதுக்கே ஒரு சண்டை வரும்.) ஆனா புரோகிராம்கள் தங்கட தரவை வைக்கிற புரோகிராம்டேட்டாவுக்குள்ள அதன் போல்டர் அப்படியே கிடக்கு, 3 ஜிபிக்கு மேல. டிலீட் அடிச்சா 'அக்சஸ் டினைட்'. அட்மினா ஓடவிட்டாலும் அதே கதைதான். விண்டோஸ் செக்யூரிட்டியில இன்னும் பழைய பேர்தான் காட்டுது, விண்டோஸோட வாற டிஃபென்டர் ஒன் ஆகுதில்லை. ஃபோமட் அடிக்காம வழி இருக்கா?

கத்தரிக்கோல்
இருக்கு ப்ரோ, பத்து நிமிச வேலை. ஷிஃப்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ரீஸ்டார்ட் குடுங்க. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், கொமாண்ட் புரொம்ப்ட். அந்த இடத்தில உங்கட விண்டோஸே ஓடாது, அதனால ஆன்டிவைரஸ் போட்ட காவலும் இல்லை. ஆர்டி கட்டளைக்கு /எஸ் /கியூ சேர்த்து போல்டரின் முழுப் பாதையைக் குடுங்க, கேள்வி கேட்காம அழிச்சிடும். டிரைவ் எழுத்தை மட்டும் பாருங்க: அங்க சி டிரைவ் சில நேரம் டி ஆகியிருக்கும். டிஸ்க்பார்ட்டுக்குள்ள லிஸ்ட் வொல்யூம் அடிச்சா தெரியும். பிறகு சிஸ்டம்32க்குள்ள டிரைவர்ஸ் போல்டரில அதே கம்பனியின் .சிஸ் பைல்களையும் (டிரைவர்கள்) தூக்கிடுங்க. முடிஞ்சுது.

நீலத்திரை
கடைசி வரியைத் தயவுசெய்து செய்யாதேங்கோ. அண்டைக்கே கடை பூட்டவேண்டி வரும்.

'அக்சஸ் டினைட்' எண்டு ஒரே வசனம் வந்தாலும் காரணம் ஒண்டு இல்லை. ஒண்டு, போல்டரின் உரிமை சிஸ்டம் கணக்கில இருக்கு, அட்மினுக்கு அனுமதி எழுதப்படேல்ல. இதுக்கு டேக்ஓன் /எஃப் பாதை /ஆர் குடுத்து, பிறகு ஐகேக்ல்ஸில /கிரான்ட் போட்டு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கு முழு அனுமதி குடுத்தால் சரி. மற்றது, ஆன்டிவைரஸின் தற்காப்பு டிரைவர் (விண்டோஸின் அடித்தளத்தில ஓடுற சிறு புரோகிராம்) இன்னும் உயிரோட இருக்கு. அப்ப டேக்ஓனும் தோற்கும், ஏனெண்டால் அனுமதிப் பட்டியலைப் பார்க்க முதலே அந்த டிரைவர் கோரிக்கையைத் தடுத்துவிடும். பைல் வேற ஒரு புரோகிராமில திறந்திருக்கு எண்டு செய்தி வந்தால் அது மூன்றாவது வகை: பெரும்பாலும் ரைட் கிளிக் மெனுவுக்காக எக்ஸ்புளோரருக்குள்ள ஏற்றின டிஎல்எல். மைக்ரோசொஃப்டின் பவர்டொய்ஸில இருக்கிற ஃபைல் லொக்ஸ்மித் எந்த புரோசஸ் பிடிச்சிருக்கு எண்டு காட்டும்.

எது எண்டு பார்க்க, அட்மின் கொமாண்ட் புரொம்ப்டில எஃப்எல்டிஎம்சி எண்டு மட்டும் அடியுங்கோ. ஓடுற ஃபில்டர்களும் (பைல் கோரிக்கைகளை இடையில நிண்டு பார்க்கிற டிரைவர்கள்) அவை அடுக்கில நிக்கிற 'அல்டிடியூட்' எண்ணும் வரும். ஆன்டிவைரஸ்களுக்கு ஒதுக்கினது 320000 வரிசை. 328010 டிஃபென்டரின் டபிள்யூடிஃபில்டர், அதைத் தொடவேண்டாம். அந்த வரிசையில வேற பேர் நிண்டால் உங்கட பழைய ஆன்டிவைரஸ் போகவேயில்லை, பேர்ப்பலகையை மட்டும்தான் கழற்றியிருக்கு.

அதுக்கு முதல், ரீஸ்டார்ட் குடுத்தீங்களா, ஷட்டவுனா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஒன்னில இருந்தால் ஷட்டவுன் விண்டோஸின் மையமான கேர்னலை நிப்பாட்டாமல் ஹைபர்னேட்தான் (டிஸ்கில சேமிச்சு உறங்கவைக்கிறது) செய்யும். 'அடுத்த பூட்டில அழி' எண்டு அன்இன்ஸ்டோலர் எழுதி வச்ச பட்டியல், விண்டோஸ் ஏறுற நேரம் ஓடுற செஷன் மேனேஜர் புதுசாத் தொடங்கினால்தான் நிறைவேறும். பாதி 'பிடிவாதப் பைல்' ஒழுங்கான ஒரு ரீஸ்டார்ட்டோட போயிடும்.

பம்பலப்பிட்டி_பெஞ்ச்
இவ்வளவும் எதுக்கு? ரீசெட் திஸ் பிசி, கீப் மை ஃபைல்ஸ். டீ குடிச்சிட்டு வர முடியும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியைக் கிண்டுற நேரத்தில ரெண்டு மெஷின் ஃபோமட் பண்ணலாம். யூனிட்டி பிளாசா பக்கம் கம்பியூட்டர் திருத்துற எந்தப் பெஞ்சில கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க.

கத்தரிக்கோல்
பெஞ்சுக்கு அதுதான் இலாபம், தெரியும்.

தெமட்டகொடை_நானா
'கீப் மை ஃபைல்ஸ்' உங்கட டொகியுமென்ட்ஸைத்தான் வைக்கும், போட்ட சொஃப்ட்வெயார் எல்லாம் போயிடும். பில்லிங் சொஃப்ட்வெயார் லைசென்ஸ், பிரிண்டர் டிரைவர், எல்லாத்துக்கும் மேல ஃபொன்ட். யுனிகோட் இல்லாத தமிழ் ஃபொன்டான பாமினியில அடிச்ச பழைய கடிதம் இருக்கிற கடையா இருந்தா, ரீசெட்டுக்குப் பிறகு எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாத் தெரியும். சிங்களத்துக்கு எஃப்எம் அபயா பாவிச்சிருந்தா அதுவும் அப்படியே. அதோட கிளவுட் டவுன்லோட் ஒப்ஷனைத் தெரிஞ்சா 4 ஜிபி அளவு டேட்டா இழுக்கும், டொங்கிள் காரங்க கவனம்.

விண்டோஸ் இன்ஸ்டோல் பைலான ஐஎஸ்ஓவைப் போட்டு மேலால 'ரிப்பேர் இன்ஸ்டோல்' செய்யச் சொல்லவும் ஆள் வரும். அது சொஃப்ட்வெயாரை வச்சுக்கொள்ளும், உண்மைதான். ஆனா சர்வீஸ், டிரைவர் பதிவையும் கூட்டிக்கொண்டு புது விண்டோஸுக்குள்ள போகக்கூடும். எதை எடுக்க வந்தோமோ அதுவே மிஞ்சும்.

கத்தரிக்கோல்
நீலத்திரை அண்ணை எப்பவும் பயமுறுத்துறார். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் எண்ட பாதுகாப்புக் கம்பனியின் அப்டேட் ஒன்றால உலகம் முழுக்க 85 இலட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துது. அதுக்குக் குடுத்த தீர்வு என்ன? சேஃப் மோடுக்கு (அவசியமானதை மட்டும் ஏற்றி ஓடுற நிலை) போ, டிரைவர்ஸ் போல்டருக்குள்ள கிரவுட்ஸ்ட்ரைக் போல்டரைத் திற, சி-00000291 எண்டு தொடங்குற .சிஸ் பைலை அழி. கையாலதான். விமான நிலையம் செய்யலாம், புறக்கோட்டைக் கடை செய்யக்கூடாதா?

நீலத்திரை
நல்ல உதாரணம் எடுத்தீங்கள், ஆனால் அது என்ர பக்கம்தான் சாயுது. அந்த 291 பைலுக்கு .சிஸ் எண்டு வால் இருந்தாலும் அது டிரைவர் இல்லை. டிரைவர் வாசிக்கிற ஒரு தரவுப் பைல். ரிஜிஸ்ட்ரியில எந்தச் சர்வீஸும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்லை. அதனாலதான் அழிச்சவுடன மெஷின் எழும்பினது. டிரைவரையே அழிச்சிருந்தால் கதை வேற.

டிரைவர் எண்டால் ரிஜிஸ்ட்ரியில கரன்ட்கொன்ட்ரோல்செட்டின் சர்வீசஸுக்குள்ள அதுக்கு ஒரு பதிவு இருக்கும். அதில ரெண்டு எண்ணைப் பாருங்கோ. 'ஸ்டார்ட்' 0 எண்டால் பூட்டிலேயே ஏறும், 4 எண்டால் முடக்கம். 'எரர்கொன்ட்ரோல்' 1 எண்டால் பைல் இல்லாட்டியும் ஈவன்ட் லொக்கில எழுதிப்போட்டு விண்டோஸ் மேல போகும். 3 எண்டால் பூட்டே நிண்டுபோம். நீங்கள் பைலை மட்டும் தூக்கினால், ரிஜிஸ்ட்ரியில நிக்கிற பதிவு, போன பைலைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இதைவிட மோசமானது கீபோர்ட். பாஸ்வேர்ட் திருட்டைத் தடுக்கவெண்டு காஸ்பர்ஸ்கி மாதிரிச் சில தயாரிப்புகள் ரிஜிஸ்ட்ரியில இருக்கிற கீபோர்ட், மவுஸ் வகுப்புகளுக்கு மேலால தங்கட ஃபில்டரைச் செருகும். 4டி36இ96பி எண்டு தொடங்குறது கீபோர்ட் வகுப்பு, 4டி36இ96எஃப் எண்டு தொடங்குறது மவுஸ். அங்க 'அப்பர்ஃபில்டர்ஸ்' எண்ட மதிப்பில அந்த டிரைவரின் பேர் நிக்கும். பைல் போய், பேர் மட்டும் நிண்டால் கீபோர்ட் தொடங்காது. லொகின் திரையில பாஸ்வேர்ட் அடிக்க ஏலாது.

பம்பலப்பிட்டி_பெஞ்ச்
அப்ப அப்பர்ஃபில்டர்ஸையே டிலீட் பண்ணினா சரிதானே? டிவிடி டிரைவ் காணாமப் போனா அதைத்தானே செய்யிறோம்.

நீலத்திரை
டிவிடி வகுப்பில செய்யலாம். கீபோர்ட் வகுப்பில செய்யக்கூடாது, அதில 'கேபிடிகிளாஸ்' எண்டு விண்டோஸின் சொந்தப் பேரும் இருக்கும். முழுசா அழிச்சால் அதுவும் போய் கீபோர்ட் சாகும். மதிப்பைத் திறந்து அந்நியப் பேர் இருக்கிற வரியை மட்டும் எடுங்கோ. மவுஸில 'எம்ஓயுகிளாஸ்' நிக்கவேணும்.

ஏற்கெனவே கீபோர்ட் போனவைக்கு: லொகின் திரையின் மூலையில அணுகல் வசதிக் குறியை அழுத்தி ஒன்-ஸ்கிரீன் கீபோர்ட் எடுக்கலாம். மவுஸும் போனால், ஷிஃப்ட் ரீஸ்டார்ட்டில வருமெண்டு கத்தரிக்கோல் சொன்ன அதே கறுப்பு கொமாண்ட் புரொம்ப்ட் திரைதான். அங்க கீபோர்ட் வேலை செய்யும், ஏனெண்டால் அது தன்ர சொந்த ரிஜிஸ்ட்ரியில ஓடுது. ரெஜ் லோட் கட்டளையால சிஸ்டம்32\கொன்பிக்கில இருக்கிற 'சிஸ்டம்' பைலை ஒரு தற்காலிகப் பேரில ஏற்றி, 'செலக்ட்'டுக்குள்ள 'கரன்ட்' என்ன எண் எண்டு பார்த்து, அந்த கொன்ட்ரோல்செட்டுக்குள்ள திருத்தி, ரெஜ் அன்லோட் குடுங்கோ.

புறக்கோட்டை_பில்
நன்றி எல்லாருக்கும். ரீஸ்டார்ட் குடுத்துப் பார்த்தேன், போல்டர் போகலை. எஃப்எல்டிஎம்சியில டபிள்யூடிஃபில்டர் வரேல்ல, 320000 வரிசையில வேற ஒரு பேர் நிக்குது. கீபோர்ட் வகுப்பில ரெண்டு பேர் இருக்கு, அதில ஒன்று கேபிடிகிளாஸ்.

நீலத்திரை
அப்ப தற்காப்பு உயிரோட இருக்கு. இப்ப செய்யவேண்டியது அந்தக் கம்பனியின் சொந்த அகற்றும் கருவி. காஸ்பர்ஸ்கிக்கு கேஏவிரிமூவர், அவாஸ்டுக்கு அவாஸ்ட்கிளியர், இசெட்டுக்கு இசெட் அன்இன்ஸ்டோலர், மக்கஃபிக்கு எம்சிபிஆர். நோர்ட்டனின் கருவி 'ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டோல்', அதில அட்வான்ஸ்டுக்குள்ள போய் ரிமூவ் ஒன்லி தெரியவேணும். கம்பனியின் சொந்தத் தளத்தில இருந்து மட்டும் இறக்குங்கோ. இவை சர்வீஸ், ஃபில்டர், அப்பர்ஃபில்டர்ஸ் எல்லாத்தையும் ஒழுங்கு முறையாக் கழற்றி, கடைசியாத்தான் பைலைத் தொடும். அந்த ஒழுங்குக்காகத்தான் கருவி.

பொறி எங்க எண்டால்: இசெட்டின் கருவி சேஃப் மோடிலதான் ஓடும், நெட்வொர்க் அமைப்பையும் அழிக்கக்கூடும், அதனால நிலையான ஐபி போட்ட பில்லிங் மெஷின் எண்டால் முதலில எழுதி வையுங்கோ. அவாஸ்ட்கிளியர் எந்த போல்டரில இன்ஸ்டோல் செய்தீங்கள் எண்டு கேட்கும். பிழையான போல்டரைக் காட்டினால் அதுக்குள்ள இருக்கிறதை அழிச்சுப்போடும்.

சேஃப் மோடுக்கு எம்எஸ்கொன்பிக் வழியாப் போகாதேங்கோ. அங்க டிக் போட்டால் அதை எடுக்கும்வரைக்கும் ஒவ்வொரு பூட்டும் சேஃப் மோட்தான். அதுக்குள்ள பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், பாஸ்வேர்ட் மறந்தவர் வெளியில வர ஏலாமல் நிப்பார். ஷிஃப்ட் ரீஸ்டார்ட் ஒரு தடவைக்கு மட்டும். வழமையான அன்இன்ஸ்டோலும் சேஃப் மோடில பெரும்பாலும் ஓடாது, அங்க விண்டோஸ் இன்ஸ்டோலர் சர்வீஸ் எழும்புறதில்லை.

தெமட்டகொடை_நானா
ஷிஃப்ட் ரீஸ்டார்ட் குடுக்க முன்ன, டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டுற பிட்லொக்கரைப் பார்த்துக்கொள்ளுங்க. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதுசாப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கில நுழைஞ்ச மெஷினில உங்களுக்குத் தெரியாமலே என்கிரிப்ஷன் ஒன் ஆகியிருக்கலாம். மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ் அடிச்சா தெரியும். ஒன்னா இருந்தா 48 இலக்க ரிகவரி கீயை முதல்லயே கணக்கில இருந்து எடுத்து தாளில எழுதுங்க. 2024 ஜூலையில கனபேர் மாட்டினது பைலை அழிக்கத் தெரியாம இல்லை, அந்த 48 இலக்கம் கையில இல்லாமத்தான்.

கத்தரிக்கோல்
சரி, கருவி ஓடட்டும். ஆனா கருவி ஓடினதுக்குப் பிறகும் ஒரு .சிஸ் மிஞ்சினா? 'சும்மா கிடக்கட்டும்' எண்டு சொல்லாதீங்க. அவாஸ்டின் ஏஎஸ்டபிள்யூஆர்பொட் டிரைவரில பல வருசமாக் கிடந்த ரெண்டு ஓட்டையை 2022ல வெளியில சொன்னாங்க. 2024 நவம்பரில அதே டிரைவரின் பழைய பதிப்பை வச்சு மற்ற ஆன்டிவைரஸ்களை நிறுத்துற மால்வேர் பற்றி டிரெலிக்ஸ் எண்ட பாதுகாப்புக் கம்பனி எழுதினது. பழைய டிரைவர் குப்பை இல்லை, ஆயுதம்.

நீலத்திரை
அந்த மால்வேர் டிரைவரைத் தானே கொண்டுவந்து இறக்கினது. உங்கட டிஸ்கில மிஞ்சினதைத் தேடி வரேல்ல. ஏறாத டிரைவர் பைல் வெறும் பைல்.

தெமட்டகொடை_நானா
இதில நான் கத்தரிக்கோல் பக்கம், காரணம்தான் வேற. பதிவோட மிஞ்சின பழைய டிரைவர் இருந்தா விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில மெமரி இன்டெக்ரிட்டி (கேர்னலைக் காக்கிற வசதி) ஒன் ஆகாமப் போகலாம். அங்க 'இன்கொம்பாட்டிபிள் டிரைவர்ஸ்' பட்டியலில பேர் காட்டும். அதில ஓஇஎம் எண்டு தொடங்குற .ஐஎன்எஃப் பேர் இருந்தா, பைலைத் தொடாம பிஎன்பியூட்டில் /டிலீட்-டிரைவர், கூடவே /அன்இன்ஸ்டோல் போட்டு எடுங்க.

டிஃபென்டர் ஒன் ஆகாததுக்கும் போல்டருக்கும் சம்பந்தமே இல்லை. செக்யூரிட்டி சென்டரில பழைய பேர் பதிவா இருக்கிற வரைக்கும் டிஃபென்டர் ஒதுங்கித்தான் நிக்கும். கருவி ஓடி ரீஸ்டார்ட்டும் குடுத்த பிறகும் பேர் நிண்டா, பவர்ஷெல்லில ரூட் / செக்யூரிட்டிசென்டர்2 என்ற இடத்தில ஆன்டிவைரஸ்புரொடக்ட் வகுப்பை கெட்-சிம்இன்ஸ்டன்ஸால எடுத்துப் பாருங்க. பழைய பேரை மட்டும் வடிகட்டி ரிமூவ்-சிம்இன்ஸ்டன்ஸுக்குக் குடுங்க. யூடியூப்பில டபிள்யூஎம்ஐசி கட்டளை சொல்லுவாங்க, 24எச்2ல அது இயல்பா இல்லை.

கத்தரிக்கோல்
நானா சொன்னா ஒத்துக்கொள்ளலாம். ஆனா புரோகிராம்டேட்டா போல்டர்? அதையும் கும்பிட்டு வைக்கிறதா?

நீலத்திரை
எஃப்எல்டிஎம்சியில பேர் போனபிறகு தாராளமா வெட்டுங்கோ. குவாரன்டைன் (பிடிச்ச பைலை அடைச்சு வைக்கிற இடம்), லொக், பழைய வைரஸ் வரையறைகள், அவ்வளவுதான். குவாரன்டைனில இருக்கிறது குறியாக்கம் செய்த பைல், அழிச்சால் வைரஸ் வெளியில பாயாது. பில்லிங் சொஃப்ட்வெயாரின் பைல் எதையாவது பிழையாப் பிடிச்சு வச்சிருந்ததா எண்டு மட்டும், கருவி ஓடமுதல் பார்த்து மீட்டெடுங்கோ. பிறகு முடியாது. பாதை 260 எழுத்தைத் தாண்டினதால அழியாட்டில், வெறும் போல்டர் ஒண்டைச் செய்து ரோபோகொப்பி /எம்ஐஆர் போட்டு அதை இதுக்கு மேல கவிழ்த்துவிடுங்கோ. மூலமும் இலக்கும் மாறினால் ஒண்டும் அழியாது, பழைய குப்பைதான் வெறும் போல்டருக்குள்ள நகலாகும், ஆனால் வேற போல்டரை இலக்காக் குடுத்தால் அது வெறுமையாகும்.

புறக்கோட்டை_பில்
கருவி ஓடிட்டுது. எஃப்எல்டிஎம்சியில டபிள்யூடிஃபில்டர் மட்டும், கீபோர்ட் வகுப்பில கேபிடிகிளாஸ் மட்டும். போல்டர் டேக்ஓனோட போய்ட்டுது, டிஃபென்டரும் ஒன். ஆனா ஈதர்நெட் புரொப்பர்ட்டீஸில பழைய பேரில இன்னும் ஒரு டிக் இருக்கு, நெட்டும் மெதுவா.

கத்தரிக்கோல்
நெட்சிஎஃப்ஜி -டி அடிங்க, எல்லாம் சுத்தம்.

நீலத்திரை
வேண்டாம், -டி எல்லா நெட்வொர்க் அடப்டரையும் துடைச்சுப்போடும், விபிஎன்னும் போகும். அந்த வரியைத் தெரிவுசெய்து அதே ஜன்னலில அன்இன்ஸ்டோல் அமத்துங்கோ. பொத்தான் மங்கியிருந்தால் நெட்சிஎஃப்ஜி -எஸ் என் அடிச்சு அதன் அடையாளப் பேரைப் பார்த்து, நெட்சிஎஃப்ஜி -யூ போட்டு அந்தப் பேரைக் குடுங்கோ. கடை பூட்டின பிறகு செய்யுங்கோ, அந்த நேரம் நெட் ஒருக்கா அறும்.