புதுப்பிப்பு: அக்காவின் மார்புப் புண்ணுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அக்காவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு தையல் போட்ட இடம் புண்ணாகிப் பரவியது, ஆன்டிபயாடிக் எதற்கும் கேட்கவில்லை. சிலர் தோல் மருத்துவரிடம் காட்டச் சொன்னீர்கள். காட்டினோம்.

பயோடெர்மா கேங்கிரினோசம். தொற்று இல்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்குகிற அரிய நோய். ஊதா நிற ஓரம், புண்ணின் அளவுக்கு மீறிய வலி, சீழைச் சோதித்தால் கிருமி இல்லை, காம்பைச் சுற்றி மட்டும் தோல் தப்பித்திருந்தது. இதையெல்லாம் வைத்துத்தான் தோல் மருத்துவர் சந்தேகப்பட்டார். புண்ணின் ஓரத்தில் சிறிது திசு எடுத்துச் சோதித்து, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், அழுகல் என்று நினைத்து வெட்டிச் சுத்தம் செய்யச் செய்யப் புண் பெரிதாகும். முதலில் பார்த்த இடத்தில் அதைத்தான் செய்தார்கள்.

ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் வலி குறைந்தது, ஓரம் அடங்கியது. சர்க்கரை ஏறிவிட்டது, அது தனித் தலைவலி. கதிர்வீச்சு எப்போது என்பதைப் புண் ஆறுவதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

மார்பைச் சீரமைக்கும் பேச்சும் வந்தது. வயிற்றிலிருந்து தசை எடுத்தால் அங்கேயும் இதே புண் வரலாம், நோய் அடங்கிய பிறகு மருந்துப் பாதுகாப்போடுதான் யோசிக்கலாம் என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். மாமாவை விட்டுவிட்டு அக்காவிடமே, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

"இப்போதைக்குப் பஞ்சு வெச்ச பிராவே போதுங்க சார். மாங்கா சீசனுக்குக் கூடை தூக்கலாமா, அதைச் சொல்லுங்க" என்றாள்.