கூட்டு நிகழ்தகவா, ஒருங்கு நிகழ்தகவா?

நண்பர்களே, வணக்கம்.

இரண்டு நிகழ்ச்சிகளும் நடப்பதற்கான நிகழ்தகவை (joint probability) தமிழில் குறிக்க நம் கலைச்சொல் உரையாடலில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கூட்டு நிகழ்தகவு, பெருக்கல் நிகழ்தகவு, உடன்நிகழ்தகவு. எனக்கு மூன்றுமே ஒட்டவில்லை. ஒருங்கு நிகழ்தகவு என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. காரணம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கூட்டு நிகழ்தகவு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?

மற்ற இடங்களில் என்றால் நானும் விட்டிருப்பேன். ஆனால் நம் கணிதப் பாடநூல்களில் "கூட்டு" என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி. கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை. இங்கெல்லாம் கூட்டு என்றால் கூட்டல்தான். இதைப் படித்துப் பழகிய பிள்ளை கூட்டு நிகழ்தகவு என்று பார்த்ததும் என்ன செய்யும்? குரோம்பேட்டையில் பிளஸ் டூ மாணவர்களுக்கு டியூஷன் எடுப்பவன் நான். "அப்போ கூட்டணுமா சார்?" என்பதுதான் முதல் கேள்வி.

தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம். நீளமான பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒரு கட்டை வெறுமையாக விழ நிகழ்தகவு 1/4. ஒரு கட்டை எப்படி விழுந்தது என்பது மற்றதைப் பாதிக்காது, அதனால் இவை சார்பிலா நிகழ்ச்சிகள். ஆகவே பன்னிரண்டு விழ 1/4 × 1/4 = 1/16. கூட்டினால் 1/2 வரும், அதாவது சராசரியாக இரண்டு தடவைக்கு ஒரு தடவை பன்னிரண்டு. தாயம் ஆடிய எந்தப் பாட்டியும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதே ஆட்டத்தில் கூட்டலுக்கும் இடம் உண்டு. தாயம் விழ ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் வர வேண்டும். முதல் கட்டையில் ஒன்று, இரண்டாவதில் வெறுமை: 1/16. மாறி விழுந்தால் இன்னொரு 1/16. இந்த இரண்டு வழிகளும் ஒன்றையொன்று விலக்குபவை, ஆகவே கூட்டலாம்: 1/8. ஒரே கணக்கில் பெருக்கலும் கூட்டலும் அடுத்தடுத்து வருகின்றன. பெருக்க வேண்டிய இடத்துக்குப் போய் கூட்டு என்று பெயர் வைத்தால், கூட்டல் தேற்றம் எது, இது எது என்று பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

> அப்படியென்றால் பெருக்கல் நிகழ்தகவு என்றே சொல்லிவிடலாமே.

இது முந்தையதைவிட ஆபத்து. தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்கினாலே விடை கிடைப்பது சார்பின்மை இருக்கும்போது மட்டும்தான். நவம்பரில் ஒரு நாள் நுங்கம்பாக்கத்தில் மழை பெய்ய நிகழ்தகவு 0.4, மீனம்பாக்கத்திலும் 0.4 என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காகச் சொல்லும் எண்கள்). பெருக்கினால் 0.16. ஆனால் இரண்டு வானிலை நிலையங்களுக்கும் நடுவில் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தால் இரண்டு இடமும் சேர்ந்தே நனையும். நுங்கம்பாக்கத்தில் பெய்யும் நாளில் மீனம்பாக்கத்திலும் பெய்ய நிகழ்தகவு 0.9 என்றால், சரியான விடை 0.4 × 0.9 = 0.36. இரு மடங்குக்கும் மேல்! 1933இல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மகோரவ் நிகழ்தகவுக்கு அடிகோள்கள் வகுத்த நூலிலும், பெருக்கற்பலன் சமமாக வருவதுதான் சார்பின்மைக்கே வரையறை. எனவே பெருக்கலைச் சார்பின்மையோடு வைத்துக்கொள்வோம். இரண்டும் நடப்பது என்ற கருத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

உடன்நிகழ்தகவு காதுக்கு இனிமைதான். ஆனால் உடன் என்றதும் ஒரே நேரம் என்ற பொருள் வந்துவிடுகிறது. ஒரு கட்டையை இன்று உருட்டி இன்னொன்றை நாளை உருட்டினாலும் 1/16தான்.

"அழகும் அறிவும் ஒருங்கே அமைந்தவர்" என்கிறோம். அதில் கடிகாரம் இல்லை, கூட்டல் குறியும் இல்லை. இதுவும் உண்டு, அதுவும் உண்டு, அவ்வளவுதான். நமக்கு வேண்டிய பொருள் இதுவே. பள்ளிப் பாடத்தில் இரண்டு சமன்பாடுகளையும் நிறைவு செய்யும் விடையைத் தேடும்போது அவற்றை ஒருங்கமை சமன்பாடுகள் என்றுதானே சொல்கிறோம்? அதே வேர், அதே கருத்து. கணினிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒருங்குறி (யூனிகோடு) பழகிய சொல்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "அ, ஆ என்பவை சார்பிலா நிகழ்ச்சிகள் எனில், அவற்றின் ஒருங்கு நிகழ்தகவு தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கற்பலனுக்குச் சமம்." தடங்கல் இல்லை. ஒருங்கு பரவல், ஒருங்கு அடர்த்தி என்று வளர்க்கவும் முடிகிறது. (வினைத்தொகையாகக் கொண்டால் வலி மிகாது. "ஒருங்குப் பரவல்" வேண்டாம்.)

இன்னொன்று. சார்பிலா என்பதற்குப் பதில் "தனித்த நிகழ்ச்சிகள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளோடு குழம்பும். இரண்டும் நடக்கக்கூடியவையாக இருந்து ஒன்றையொன்று விலக்கினால், அவை சார்பிலாதவையாக இருக்கவே முடியாது. ஒன்று நடந்ததுமே மற்றது நடக்காது என்று தெரிந்துவிடுகிறதே! ஈழத்து வழக்கில் சாரா நிகழ்ச்சிகள் என்பார்கள். நம்முடையதைவிடச் சுருக்கம், எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் இங்கே சார்பிலா நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

*

மறுமொழி:

ஐயா, ஒரு தடை. கூட்டு வட்டியிலும் பெருக்கல்தானே நடக்கிறது? அங்கே யாரும் குழம்பவில்லையே.

*

மறுமொழி:

நல்ல கேள்வி தம்பி. கூட்டு வட்டி கடைத்தெருவிலேயே புழங்கும் சொல், வகுப்புக்கு வரும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பாடத்தில் கூட்டல் தேற்றம் என்று பக்கத்தில் ஒன்றும் இல்லை. இங்கே அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. வேறு தடை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் மேலே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு, தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்பிவிடுகிறேன்.