அனிமே டாட்டூ: ஊசி, மாநிறத் தோலில் நிறம், தொழில் – சில சந்தேகங்கள்

கதிர்மை:
செயற்கைத் தோலில் கோடு ஓரளவு நேராக வருது. அனிமே பாணியிலேயே தொழில் பண்ண ஆசை. எந்த ஊசி எங்கே? மாநிறத் தோலில் மஞ்சள் முடியும் வெளிர் முகமும் ஏன் மங்கிப்போகுது? ஸ்க்ரீன்ஷாட் தவிர வேற எதைப் பார்த்துப் பழகணும்?

ஒன்பது_ஊசி:
ஊசிக்கு முன்னால அளவைத் தீர்மானிங்க தம்பி. அனிமே முகத்துக்கு உயிரே கண்தான். மணிக்கட்டில் ரெண்டு அங்குல முகம் கேட்டு வருவாங்க, ஒத்துக்காதீங்க. மை தோலுக்குள்ள வருஷா வருஷம் கொஞ்சம் பரவும். 2 மி.மீ.க்கும் நெருக்கமாப் போட்ட ரெண்டு கோடு பின்னாடி ஒட்டிக்கும்; இமையும் கருவிழியும் சேர்ந்து கறுப்புத் திட்டாயிடும். முகம் உள்ளங்கை அளவாவது இருக்கணும். கண்ணில் வெள்ளைப் பொட்டுக்கு 3 மி.மீ. விடுங்க.

வெளிக்கோட்டுக்கு 9 ஆர்எல் (ரவுண்ட் லைனர், ஒன்பது முனையை வட்டமாக் கட்டின கோட்டு ஊசி), முடியின் உள்கோட்டுக்கு 5, இமைக்கும் மூக்குக்கும் 3. எல்லாத்தையும் 3-லயே இழுத்தா கோடு நடுங்கும். அதைச் சரிபண்ணத் திரும்பத் திரும்ப ஓட்டினா தோல் கிழியும். ஆழம் 1.5 மி.மீ. சுமாருக்கு. 2-ஐத் தாண்டினா மை கொழுப்பு அடுக்கில் இறங்கி, கோட்டைச் சுத்தி நீலச் சாயல் பரவும். முழங்கை உள்மடிப்பு, கணுக்கால்ல தோல் மெல்லிசு, அங்கே இன்னும் கம்மியா இறக்கணும்.

ஸ்டென்சிலை (படத்தின் கோட்டைத் தோலில் பதிக்கும் தாள்) ஆள் நிக்கும்போது ஒட்டுங்க. படுக்கவெச்சு ஒட்டினா எழுந்ததும் முகம் கோணிடும். 15 நிமிஷம் காயட்டும். வலதுகைக்காரர்னா கீழ் வலது மூலையில் ஆரம்பிங்க, துடைக்கும்போது மிச்ச ஸ்டென்சில் அழியாது.

நிறக்கிண்ணம்:
மை நிக்கிறது டெர்மிஸில், அதாவது தோலின் உள் அடுக்கில். தோலுக்கு நிறம் தர்ற மெலனின் அதுக்கு மேல, எபிடெர்மிஸ்ங்கிற வெளி அடுக்கில். அதனால எந்த நிறத்தையும் அந்தப் பழுப்பு வழியாத்தான் பார்க்கிறோம். வெளிர் மஞ்சள் காணாமப் போகும், பீச் சாம்பல் பூத்துத் தெரியும். மைமேல குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

முகத்தை நிரப்பவே வேண்டாம். தோலையே முகநிறமா விட்டு, நிழலுக்கு மட்டும் செம்பழுப்பு கொடுங்க. மஞ்சள் முடிக்குக் கடுகு மஞ்சள் அடித்தளம், ஆரஞ்சு கலந்த பழுப்பு நிழல். சந்தேகமிருந்தா மறைவான இடத்தில் நாலு நிறத்தில் பொட்டு வெச்சு, 6 வாரம் கழிச்சுப் பாருங்க.

செல் ஷேடிங்கில் (அனிமேயின் தட்டையான நிழல் முறை) ரெண்டே டோன், நடுவுல கூர்மையான எல்லை. அதைக் குழைச்சுட்டா அனிமே தோற்றமே போயிடும். வளைந்த மேக்னம் (நிறம் நிரப்பும் அகல ஊசி), சின்னச் சின்ன வட்டம், நிதானமான கை. முதல்ல அடர்நிறம், அப்புறம் வெளிர்நிறம், கடைசியில் புது கார்ட்ரிட்ஜில் (மாட்டிக் கழட்டும் ஊசிக் கூடு) வெள்ளை. வெளிர்ப்பகுதியில் முன்னாடியே வாஸ்லின் தடவினா கறுப்பு அங்கே இழுபடாது. தோல் பளபளன்னு வீங்கினா அன்னிக்கு நிறுத்திடணும். அதுக்கு மேல அழுத்தினா தடிச்ச பக்கு கட்டி, உதிரும்போது நிறத்தையும் கொண்டுபோயிடும். விட்டுப்போனதை 6 வாரம் கழிச்சு டச்சப்பில் நிரப்பிக்கலாம்.

மரஅச்சு:
எதைப் பார்த்துப் பழகறதுன்னு கேட்டதுக்கு: ஜப்பானிய மரஅச்சு ஓவியர் குனியோஷி 1827 வாக்கில் தொடங்கின, சுய்கோடென்ங்கிற கதையின் வீரர் அச்சுப்படங்கள். உடம்பு முழுக்கப் பச்சை குத்திய வீரர்கள். ஜப்பானியப் பச்சைக்கலையே அதிலிருந்து நிறைய எடுத்துக்கிச்சு. அதில் முதல்ல கறுப்புக் கோட்டு அச்சு, அப்புறம் நிறத்துக்கு ஒரு கட்டை. பழைய அனிமே செல்லும் அதே அமைப்புதான்: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் தட்டையான நிறம். நிறமே இல்லாம கோடு மட்டும் நிக்குதான்னு பார்க்கும் கண் அங்கேதான் வரும்.

மங்காவையும் (ஜப்பானிய காமிக்ஸ்) வரைஞ்சு பாருங்க, ஆனா அதுக்குப் பயன்படுத்துற ஜி-பேனாவை அழுத்தினா கோடு தடிக்கும். ஊசியை அழுத்தினா கோடு தடிக்காது, ஆழமாத்தான் போகும். தடிமன் வேணும்னா பக்கத்துல இன்னொரு கோடு ஓட்டித்தான் சேர்க்கணும்.

தொழிலுக்கு: போர்ட்ஃபோலியோவில் அன்னிக்கே எடுத்த பளிச் படத்தைவிட ஆறிய படம்தான் பேசும். ஒரே பாணியில் பத்துப் பன்னிரண்டு வேலை போதும். ரசிகர் வரைஞ்ச ஓவியத்தை அனுமதி கேக்காம எடுக்காதீங்க. மனுஷத் தோலைத் தொடுறதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி: 0, 1, 6 மாசம், மூணு டோஸ்.

கதிர்மை:
ரொம்ப நன்றி. மங்காவில் நிழலுக்கு வர்ற ஸ்க்ரீன்டோன் புள்ளிகளைத் தோலில் போடலாமா?

ஒன்பது_ஊசி:
போடலாம். ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்சது ஒரு புள்ளி அகலம் விடணும், இல்லேன்னா பின்னாடி சாம்பல் திட்டுதான் மிஞ்சும். முன்கை வெளிப்பக்கம் மாதிரி தட்டையான இடம் பாருங்க. தோள், முட்டி வளைவில் வரிசை கோணும்.